எல்லாம் காத்துதான், மிஸ்ஸி

கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் எடுத்த எடுப்பில் உண்மையைச் சொல்வதில்லை. வயிற்று நோய்க்காரர்கள் டாக்டர் அறைக்குள் போன பிறகும் சொல்வதில்லை. எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன கிளினிக்கில் பெயர் பதிவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, ஊசிக்குப் பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. இங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸி. நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு படைத்த நீங்களும் என் கட்சிதான் என்பதால் சொல்கிறேன்.

ஊசி போட்டா போதும்

மாணிக்கம் அண்ணன் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் லோரி ஓட்டுகிறவர். நெஞ்சுக்குழியில் கையை அழுத்திக்கொண்டு வருவார். என்னண்ணே என்று கேட்டால் "காத்து" என்பார். ஏப்பம் வந்தால் காத்து, எரிந்தால் காத்து, முதுகு பிடித்தாலும் காத்து. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பால் விடாத கோப்பி ஓ. மத்தியானம்? அதே கோப்பி ஓ, கூட ஒரு சிகரெட்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பொறுமைசாலி. "இது காத்தில்லை, கேஸ்ட்ரிக். வயித்திலை அமிலம் கூடிப்போச்சு. வெறும் வயித்திலை கோப்பி குடியாதேங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, அமிலத்தை அடக்கும் வெள்ளை மருந்தை எழுதிக் கொடுத்தார். அண்ணன் பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "இதெல்லாம் எதுக்கு மிஸ்ஸி? ஒரு ஊசி போட்டா காத்து கலைஞ்சிடும்லா."

கழுத்தில் தொங்கும் அட்டை

சரோஜா சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். மலச்சிக்கல். அதைச் சொல்வதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. வயிறு கல்லாகி, பசி செத்து, போகும்போது ரத்தம் கசியும் அளவுக்கு விட்டுவிட்டாள். டாக்டர் பப்பாளி சாப்பிடச் சொன்னார், கீரை சாப்பிடச் சொன்னார், எல்லாவற்றுக்கும் மேல் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

மருந்து கொடுக்கும்போது, "தண்ணிதாம்மா முக்கியம், மறந்துடாதே" என்று நானும் அதிகாரம் பண்ணினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். தொழிற்சாலையில் அவள் லைனில் இருக்கும் அத்தனை பேருக்கும் கழிவறைக்குப் போக ஒரே ஓர் அட்டை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடந்து போக வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த சூப்பர்வைசர் அப்போது எதிரில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். "தண்ணி குடிச்சா கார்டு கேக்கணும் மிஸ்ஸி. அதுக்காகத்தான் நான் தண்ணியே குடிக்கிறதில்ல."

மாத்திரை சாப்பாடா?

தைப்பூசம் நெருங்கியிருந்தது. மாணிக்கம் அண்ணன் மறுபடி வந்தார், இந்தத் தடவை மனைவி லெட்சுமி அக்காவோடு. ஆள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்தவர் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய மகளுக்கு முந்தின வருஷம் பெரிய ஆப்பரேஷன். அவள் பிழைத்தால் பத்துமலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு சைவ விரதம் இருந்தார்.

மலம் என்ன நிறம் என்று டாக்டர் கேட்டார். தார் மாதிரி கறுப்பு, ஒட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று அக்காதான் சொன்னார். ஆள் வெளுத்துப் போனாரே என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தாராம், அதனால்தான் கறுப்பு என்று இருவரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். "டானிக் குடிக்க முதலே கறுப்பாப் போனதோ?" என்றார் டாக்டர். அக்கா யோசித்தார். கறுப்புதான் முதலில். டாக்டரின் முகம் மாறியது. வேறு ஏதாவது மாத்திரை விழுங்கினீர்களா என்று கேட்க, முதுகு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. காவடிக்கு முதுகு தாங்க வேண்டுமே என்று, தினமும் வெறும் வயிற்றில், கோப்பி ஓவோடு. விரதத்தில் அதை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாத்திரை சாப்பாடா மிஸ்ஸி? அது கணக்குல வராதுலா."

யார் ரத்தம்?

அந்த மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கிவிட்டது, அதிலிருந்து ரத்தம் உள்ளேயே கசிகிறது, கறுப்பு அந்த ரத்தம்தான் என்று டாக்டர் விளக்கினார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. நான் ஆம்புலன்ஸுக்கு போனை எடுத்தேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். ரத்தம் கொடுத்தவன் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டிருப்பானே, விரதத்தில் அதை எப்படி உடம்பில் ஏற்றுவது? பூசம் முடியட்டும், பிறகு வருகிறேன் என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்த மனிதர், மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்கினார். லெட்சுமி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் முன்னால் வந்து நின்றார். "ஆப்பரேஷன்ல நம்ம பிள்ளைக்கும் ரத்தம் ஏத்தித்தானே பொழைக்க வெச்சாங்க. அன்னிக்கு கொடுத்தவன் என்ன தின்னான்னு கேட்டீங்களா?"

அடுத்த வருஷம்

அண்ணன் நீட்டிய கையை இறக்கினார், நான் போன் பண்ணினேன். ரத்தம் ஏறியது, புண் மருந்திலேயே ஆறியது. அந்தத் தைப்பூசத்துக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அவருக்குப் பதிலாக லெட்சுமி அக்கா பால்குடம் எடுத்தார்.

மறு வருஷம் விரதம் தொடங்கும் முன்பே அண்ணன் கவுண்டரில் வந்து நின்றார். கோப்பி ஓவும் சிகரெட்டும் போயிருந்தன, நேரத்துக்குச் சாப்பிட லோரியில் பிஸ்கட் டின் ஏறியிருந்தது. அவரைப் பார்த்த சந்தோஷத்தை மறைக்க அதட்டலாக என்ன வேண்டும் என்று கேட்டேன். "விரதத்துல என்னென்ன சாப்பிட்டே ஆகணும்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மிஸ்ஸி. என்னென்ன கூடாதுன்னு முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நம் வயிறு பாவம், நெருப்பாய் எரிந்தும் தாராய்க் கறுத்தும் தனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்க்கிறது, நாம்தான் அதைத் தடவிக் கொடுத்து "காத்து" என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம்.