கடைமடைக்கு வராத காகிதத் தவளை

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். தஞ்சாவூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் என் மகளைச் சேர்த்திருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. மூட்டுக்கு மூட்டு வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்து, கடைசியில் அது இதயத்தைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். ஊசியும் மாத்திரையும் அவர்கள் பொறுப்பு. எங்கள் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான். ஆறு வாரத்துக்குப் பிள்ளை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வரப்பில் நடந்து வா என்றால் குதித்துக்கொண்டே வருகிற பிள்ளை அவள். அவளை ஆறு வாரம் எப்படிப் படுக்க வைப்பது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

என் மனைவி அப்போதுதான் இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக் குத்தாலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஆகவே எல்லாம் நான்தான். நான் பாசன வாய்க்காலில் லஸ்கராக இருந்தேன். மதகைத் திறந்து மூடுகிற ஆளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தினக்கூலி வேலை. பத்து வருஷமாகியும் நிரந்தரம் ஆகவில்லை. விடிவதற்கு முன்னால் வாய்க்காலுக்குப் போய் மதகைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருவேன். சாயங்காலமானால் ஆண்கள் யாரும் வார்டில் இருக்கக் கூடாது என்று விரட்டுவார்கள். திரும்ப பஸ். உட்கார இடம் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவேன். எத்தனையோ நாள் என் ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, நடந்து திரும்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் என் மகள் கட்டிலை விட்டுக் குதித்தே விட்டாள். நர்ஸம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் கைவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ திணித்த கட்சிக் கூட்ட நோட்டீஸ் ஒன்று இருந்தது. சின்ன வயதில் மடித்த ஞாபகத்தில் அதைத் தவளையாக மடித்தேன். பின்பக்கத்தை விரலால் அழுத்தி விட்டால் தாவும். போர்வைமேல் ஒரு தாவு தாவியது. அவள் அழுகையை நிறுத்தினாள்.

அந்த வாரம்தான் மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் தண்ணீர் போகிற வழி. அதையே கதையாக்கினேன். இந்தத் தவளை மேட்டூரிலிருந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீரோடு வருகிறது, நீ அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாளைக்கு ஓர் ஊர் தாண்டும், நீ எழுந்தால் பயந்து நின்றுவிடும் என்றேன். அவள் நம்பினாளா, நம்புவதுபோல் இருந்தாளா, தெரியாது. படுத்தாள். எனக்கு அது போதும்.

முக்கொம்பில் தவளை வழி தவறிக் கொள்ளிடத்தில் விழப் பார்த்தது. விழுந்தால் நேரே கடல்தான். ஓர் எருமையின் வாலைப் பிடித்துத் தப்பியது. கல்லணையில் எந்த ஆற்றில் போவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தது. உண்மையில் அன்றைக்கு யோசிக்க முடியாமல் தலை சுற்றியது எனக்குத்தான். வெண்ணாற்றில் சலவைக்குப் போட்ட ஒரு தலைவரின் வேட்டிக்குள் சிக்கி, மேடை வரை போய், கைதட்டல் வாங்கித் திரும்பியது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் ஆற்றில் விட்ட கருகமணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காதோலையைப் படகாக்கி உட்கார்ந்து வந்தது. நோட்டீஸ் கிழிந்துபோனால் வேறு கட்சி நோட்டீஸில் புதுத் தவளை செய்வேன். தவளை கட்சி மாறிவிட்டது என்று என் மகள் வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள். திட்டிய அதே நர்ஸம்மா, இன்றைக்கு எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி இருந்தாள். ஐந்து வயதுக்கு மேல் இராது. தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவளும் அசையக் கூடாதவள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கதை சொல்லும்போது மட்டும் கண்ணைத் திருப்பி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கலாம். நடவு வேலை, அறுப்பு வேலை செய்த கை. அவர்கள் எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, எதிர்க் கட்டில்காரர்கள் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். நான் நகர்த்தவில்லை. ஆனால் எந்த ஊர் என்று பேச்சு வந்தபோது அவள் ‘நன்னிலத்துக்கு அந்தாண்ட’ என்றதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் எந்த ஊர், யார் வீடு என்று துருவிக் கேட்டிருப்பேன்.

எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு ஓர் அப்பன் எல்லாம் செய்துவிட முடியாது. முதல் வாரத்திலேயே அந்த அம்மா தானாக எழுந்து வந்து, “நீங்க செத்த வெளிய போங்கண்ணே” என்று என்னை அனுப்பிவிட்டு, என் மகளுக்கு மலத்தட்டு வைத்து, உடம்பு துடைத்து, பாவாடை மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. நான் ஊருக்குக் கிளம்பியபின் விடியும்வரை என் மகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் இல்லாவிட்டால் அந்த ஆறு வாரம் ஓடியிருக்காது.

ஐந்தாவது வாரம் தவளை எங்கள் வாய்க்காலின் தலைப்புக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் பக்கத்துக் கட்டில் சிறுமி முதல்முறையாக வாய் திறந்தாள். “எங்க ஊருக்கு எப்ப வரும்?” என்றாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எந்த ஊரம்மா என்று கேட்டேன். அவள் அம்மா ஊர்ப்பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “எங்க ஊருக்கெல்லாம் வராதுண்ணே. மதகுக்காரன் வுட மாட்டான்” என்றாள்.

அது என் வாய்க்காலின் கடைமடை ஊர், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம்.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பெரிய பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில், அங்கே கூலிக்கு இருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் பட்டா கொடுத்தார்களாம். அவர்களுக்கும் கிடைத்ததாம். சொந்த வயலில் முதல் சம்பா. மார்கழியில் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வராமல் கதிரெல்லாம் பதராகிவிட்டதாம். கணவர் கட்டட வேலைக்குக் கேரளப் பக்கம் போய்விட, இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செங்கல் காளவாய்க்குப் போயிருக்கிறாள். அங்கே செங்கல் அடுக்கு சரிந்துதான் பிள்ளையின் கால் முறிந்தது.

அந்த மார்கழியில் நடந்தது எனக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷம், முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். வாய்க்கால் தொடங்குகிற தலைமடைக்கு நான்கு நாள், கடைமடைக்கு மூன்று நாள். கடைமடை முறை வந்த அன்று, அந்த நிலத்தைப் பறிகொடுத்த பண்ணையாரின் மைத்துனர் ஆள் அனுப்பினார். கட்சியில் செல்வாக்கானவர், மெட்ராஸ் வரை போய் வருகிறவர். என் வேலையை நிரந்தரமாக்கப் பேசியிருப்பதாகவும், தலைமடைக்கு இன்னும் மூன்று நாள் தண்ணீர் வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். தலைமடை வயல்களில் தண்ணீர் நிரம்பி வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டா வாங்கியவர்கள் எப்படிப் பயிர் எடுக்கிறார்கள் பார்ப்போம் என்பதுதான் விஷயம். அது எனக்குப் புரிந்தும் கடைமடை மதகை நான் திறக்கவில்லை. கேட்டு வந்த ஆட்களிடம் மேலே உத்தரவு என்று பொய் சொன்னேன். நிரந்தர வேலையும் வரவில்லை என்பது வேறு கதை.

அந்த அம்மா கரைக்கு வந்தவர்களில் இல்லை. அதனால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைச் சொல்ல இன்னும் கூசுகிறது. தெரிந்துவிட்டால் என் மகளை யார் துடைப்பது, விடியும்வரை யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டேன். இன்னும் ஒரு வாரம்தான், எப்படியாவது தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த இரண்டு நாளும் தவளையை ஆகாயத்தாமரையில் சிக்க வைத்தேன், நண்டு வளைக்குள் தள்ளினேன், நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் தூங்க வைத்தேன். கதையில் உயிரே இல்லை. பிள்ளைகளுக்கா தெரியாது? அந்தச் சின்னவள் தவளை வருமா வராதா என்று சிணுங்க ஆரம்பித்து, கயிற்றோடு காலை இழுத்தாள். எடை ஆடியது. அவளைச் சமாதானப்படுத்த என் மகள் தலையைத் திருப்பிச் சொன்னாள்.

“அழுவாத. அந்த மதகு சாவி எங்க அப்பாகிட்டதான் இருக்கு. அப்பாதான் தொறப்பாங்க, அப்பாதான் மூடுவாங்க.”

அந்த அம்மா என் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. நான் தரையைப் பார்த்தேன். “போன மார்கழியிலயும் நீங்கதானா?” என்றாள்.

“ஆமா.”

“ஒரு நாள் வுட்டிருந்தாக்கூட பால் புடிச்சிருக்கும்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பாதியில் நின்ற பின்னலைப் பின்னி முடித்து, நுனியில் ரிப்பனைக் கட்டினாள். அதன்பின் கட்டிலுக்கு அடியில் இருந்த மலத்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இனி எங்கள் கட்டில் பக்கம் வரமாட்டாள் என்றே நினைத்தேன். நர்ஸம்மாவிடம் யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, மனைவியைக் கைக்குழந்தையோடு வரவழைப்பதா என்று மனம் அலைந்தது. அப்போதும் என் கஷ்டத்தைத்தான் நினைத்தேன் பாருங்கள்.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்தாள். என் மகளின் முதுகுக்கு அடியில் கை கொடுத்து, புண் வராமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். “தப்புப் பண்ணிட்டேம்மா” என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். எம் மவ காத்துக்கிட்டு கெடக்கா. கதையிலயாவது தண்ணிய வுடுங்க.”

சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு வேறெதையும் சொன்னதில்லை. தவளை மதகுக்கு வந்தது. மதகு மூடியிருந்தது. தவளை கத்தியது, வாய்க்காலில் இருந்த தவளைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. மதகுக்காரன் காதைப் பொத்திப் பார்த்தான், முடியவில்லை. சாவியைப் போட்டுத் திருகினான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. தவளை அதன்மேல் ஏறி, ஒவ்வொரு வயலாகத் தாண்டி, கடைசி வயலுக்குப் போயிற்று. காகிதத் தவளையைச் சின்னவளின் தலையணை ஓரத்தில் வைத்து அழுத்தினேன். அது தாவி அவள் வயிற்றில் போய் உட்கார்ந்தது. அவள் சிரித்தாள். அந்த வார்டில் அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சமிருந்த நாள்களிலும் என் மகளுக்குச் செய்ய வேண்டியதை ஒன்றும் குறைக்காமல் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று என் மகளின் கன்னத்தைத் தொட்டு அனுப்பினாள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான். “முறை வக்கிறப்ப மதகுக்கு வருவேன்.”

அந்த வருஷமும் மார்கழியில் முறை வைத்தார்கள். மைத்துனரிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. முடியாது என்று சொல்லியனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. கடைமடை முறை வந்த அன்று, பொழுது புலர்ந்து பனி விலகுகிற நேரத்தில் நான் போனபோது, அவள் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை லேசாகச் சாய்த்து நின்றாள். நான் சாவியைப் போட்டுத் திருகினேன். பலகை ஏறியது, தண்ணீர் இறங்கியது. அவள் தண்ணீரை மட்டும் பார்த்தாள். அது ஓடத் தொடங்கியதும், பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் கூடவே கரையில் நடந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஏழு வருஷம் ஆனது. என் மகளுக்கு இன்று பேரப்பிள்ளை இருக்கிறது. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு முறைக்கும் அந்த மதகைத் திறந்திருக்கிறேன், திறக்கும் முன் ஒருமுறை எதிர்க்கரையை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்காமலேயே ஒருத்தி என் பிள்ளையை அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.