இருபத்து நான்காவது டிக்

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் பேய்க்கதை எழுதுகிற ஆள் இல்லை. கம்பெனி கம்பெனியாகப் போய் புது சாப்ட்வேர் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பாஸ்வேர்டை மறப்பவர்கள், கேமரா ஓடுவது தெரியாமல் கொட்டாவி விடுபவர்கள் என்று ஊரில் உள்ளவர்களை எல்லாம் கிண்டலடித்தே உங்களிடம் பேர் வாங்கியவள். ஆனால் போன வாரம் நடந்ததை எழுத உட்கார்ந்தால், பட்டப்பகலிலேயே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. அதுவரை எல்லா வேலையும் ஒரே ஒரு போன் குரூப்பில்தான் நடந்துகொண்டிருந்தது. டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், பிறந்தநாள் கேக், முருகன் படம் — எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். இனி அந்த குரூப் கிடையாது. அரட்டை, ஃபைல், லீவு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆப். ஆபீஸ் பேச்சு இனி அதில் மட்டும்தான் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆட்களின் பட்டியலை மேனேஜரிடம் கேட்டேன். பழைய குரூப்பில் இருக்கிற எண்களை அப்படியே அனுப்பி வைத்தார். நானும் அப்படியே ஏற்றினேன்; எல்லா எண்ணுக்கும் ஆப்பைத் திறக்கும் லிங்க் போனது. முதல் தப்பு அங்கேதான்.

காலை பத்து மணி. மீட்டிங் ஹாலில் இருபத்து மூன்று பேர். முதல் பயிற்சியாக நான் ஒரு மெசேஜ் போட்டேன். ‘வந்தவர்கள் எல்லோரும் பச்சை டிக் போடவும். போடாதவர்கள் ஆப்சென்ட்!’ சும்மா ஒரு மிரட்டல். எந்த ஊரிலும் பலிக்கும்.

டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. இருபது... இருபத்து மூன்று... இருபத்து நான்கு.

“யாருங்க ரெண்டு தடவை அமுக்கினது?” என்று சிரித்தேன். ஒருவர் ஒரு தடவைக்கு மேல் போட முடியாது என்பது எனக்கே தெரியும். பெயர்களைத் திறந்து பெரிய திரையில் காட்டினேன். கடைசிப் பெயர்: ரங்கராஜன், ஸ்டோர்ஸ். பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆன்லைனில் இருக்கிறார்.

“ரங்கராஜன் சார் யாருங்க? கை தூக்குங்க பாப்போம்.”

ஒரு கையும் எழவில்லை. மேனேஜர் சண்முகம் எழுந்து என் அருகில் வந்தார். குரல் பாதிதான் வந்தது.

“மேடம்... அவரு போன ஐப்பசியிலயே தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்.”

“அப்ப குரூப்ல எப்படி இருக்காரு?”

“எடுக்கலைங்க. எடுத்தா ‘ரங்கராஜன் நீக்கப்பட்டார்’னு ஒரு லைன் விழுமே... அதைப் பாக்க யாருக்கு மனசு வரும், சொல்லுங்க.”

என் போனில் இருக்கிற காலேஜ் குரூப்பிலும் இறந்துபோன இரண்டு பேர் அப்படியே இருக்கிறார்கள். உங்கள் குரூப்பில் இல்லையா? பொய் சொல்லாதீர்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். ஜெனிஃபர் — பாலக்கரை பக்கம் வீடு. நான்கு மாதத்துக்கு முன் ஸ்டோர்ஸில் சேர்ந்தவள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

“தவறிட்டாரா? சார்... நான் தினமும் அவர்கிட்டதானே கேட்டுக்கிட்டிருக்கேன்?”

ஹாலில் அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. சேர்ந்த அன்றைக்கு, “அவரு இப்ப வர்றதில்ல” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ரிட்டயர் ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். குரூப்பில் இருந்த அவர் எண்ணுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள். பதில் வந்தது. அடுத்த நாளும் வந்தது. எந்தப் பொருள் எந்த ரேக்கில் இருக்கிறது என்று நான்கு மாதமாக அவர் சொல்லச் சொல்ல இவள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“இப்ப கேளு பாப்போம்” என்றார் ஃபோர்மேன் சவரிமுத்து. இருபது வருஷம் ரங்கராஜனோடு வேலை பார்த்தவர். பயத்தை மறைக்க அதட்டுவது போல் சொன்னார்.

ஜெனிஃபர் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே டைப் செய்தாள். ‘சார், 12 எம்எம் யூ போல்ட் எங்க இருக்கு சார்?’

திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. ‘ரங்கராஜன் டைப் செய்கிறார்...’

நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. இந்த வசதியைப் பற்றி எத்தனையோ இடத்தில் பெருமையாக வகுப்பு எடுத்திருக்கிறேன். ‘எதிரில் இருப்பவர் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்கு உடனுக்குடன் தெரியும்!’ அன்றைக்கு அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் திரையிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

பதில் விழுந்தது. ‘மூன்றாம் ரேக். மேலிருந்து இரண்டாம் தட்டு. பழுப்பு டப்பா. எடுத்த பின் மூடியை இறுக்கி மூடவும்.’

“ஐயோ... அந்த மூடி!” என்றார் சவரிமுத்து. சட்டைக்குள் இருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். “அவரு பேச்சுதாங்க. யாரு போய் எதைக் கேட்டாலும் கடைசியில மூடியை மூடுன்னுதான் அனுப்புவாரு.”

ஒருவர் ஸ்டோர்ஸுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் பழுப்பு டப்பா. உள்ளே யூ போல்ட். அதை மேஜையில் வைத்தார், யாரும் தொடவில்லை.

மேனேஜர் அந்த எண்ணுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பச்சைப் புள்ளி மட்டும் அணையாமல் இருந்தது. அவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், நாளைக்குக் காலைல எட்டரைக்குள்ள அந்தப் பேரை எடுத்துருங்க. ஆளுங்க பயந்தா வேலை நடக்காது.”

எடுப்பது எனக்கு இரண்டு நொடி வேலை. ஆனால் யாரை எடுக்கிறேன் என்று தெரியாமல் எப்படி எடுப்பது? வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினேன். துவாக்குடியிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டும் வரை வண்டியில் தைரியமாகத்தான் இருந்தேன். உத்தர வீதியில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே டிங் என்று சத்தம் கேட்டது. எங்கள் ஆப்பின் சத்தம். ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மேஜை முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு ஆணின் மூக்குக்கண்ணாடி, பேனா, அடுக்காக நீள நோட்டுகள், போன். நாற்காலி முதுகில் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. அதில் இருந்த போட்டோவுக்கும் அவளுக்கும் ஒரே நெற்றிச் சுருக்கம். நான் பேச வாயெடுத்தேன். அவள் விரலை உயர்த்தினாள்.

“ஒரு நிமிஷம் இருங்கோ. டூட்டில இருக்கேன்.”

டைப் செய்து முடித்தாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் வீட்டு மனுஷியாக ஆனாள். “வாங்கோ, உக்காருங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?”

வைதேகி. ரங்கராஜனின் மனைவி. நான் கேட்காமலேயே சொன்னாள்.

“அவர் பரமபதிச்சு பத்து நாள்கூட ஆகலை. காலம்பற எட்டரைக்கு அவர் போன் அடிக்கறது. பார்த்தா, ஒரு பொண்ணு ‘சார், கேஸ்கெட் எங்க சார்’னு கேக்கறா. எந்தப் பொருள் எங்க இருக்குன்னு அவர் எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். பார்த்துச் சொன்னேன். ‘தேங்க்ஸ் சார்’னா.” நோட்டின் மூலையை நீவி விட்டாள். “அன்னிக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்.”

“நீங்க யாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எதுக்கு? வைதேகிகிட்ட யார் என்ன கேக்கப் போறா? இன்னிக்கு டிக் போடலைன்னா ஆப்சென்ட்னு போட்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத்துல அவர் சொல்லாம கொள்ளாம ஆப்சென்ட் ஆனதே இல்லை. அதான் போட்டேன். அப்புறம் போன் வந்தது... பேசினா என் குரல்னா கேக்கும்? எடுக்கலை.”

காலையில் விளையாட்டாகப் போட்ட மிரட்டல். நாளை நான் ஒரு பட்டனைத் தட்டினால் இந்தப் போன் வாய் மூடிவிடும். இந்த உலகத்தில் அவரை ‘சார்’ என்று கூப்பிட இருக்கிற ஒரே குரலும் போய்விடும். அதை அவளிடம் சொல்லாமல் மேஜை மேல் இருந்த போனையே பார்த்தேன்.

டிங்.

இருவரும் குனிந்து பார்த்தோம். ஜெனிஃபர். ‘சார், நீங்க யாருன்னு இன்னிக்குதான் சொன்னாங்க சார். எனக்குப் பயமா இருக்கு சார்.’ கொஞ்சம் இடைவெளி. அடுத்த வரி. ‘ஆனா நாளைக்கும் கேக்கலாமா சார்?’

வைதேகி நோட்டைத் திறக்கவில்லை. நிதானமாக எழுதினாள். ‘கேளும்மா.’ அனுப்பிய பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் நிஜமான கவலை.

“நீங்கதானே இந்த ஆப் சொல்லிக்கொடுக்கறவா? எனக்கு ஒரு சந்தேகம். நாளைக்கு அவருக்கு மாசியம். பிள்ளை பெங்களூர்லேர்ந்து வரான், வாத்தியார் ஒம்பதுக்கெல்லாம் வந்துடுவார். ஹோமம், பிண்டம்னு மத்தியானம் வரைக்கும் போனைத் தொட முடியாது. லீவு சொல்லணுமே... அது எங்க இருக்கு?”

இறந்தவருக்கு மாதம் தவறாமல் செய்கிற காரியம் மாசியம். அதற்கு லீவு கேட்பது, அந்த இறந்தவர்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? மூலையில் மூன்று கோடு, அதைத் தட்டினால் ‘விடுப்பு’, தேதி. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். என் பயிற்சியில் இப்படி ஒரு ஆள் இதுவரை கிடைத்ததில்லை. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘மாசியம்’ என்று போட்டாள். யாருடைய மாசியம் என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டு இருபத்தைந்து. பெயரை எடுப்பதற்காக லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு முன்பே மேனேஜர் ஆப்பின் உள்ளே வந்திருந்தார். ரங்கராஜன், ஸ்டோர்ஸ், ஒரு நாள் விடுப்பு, காரணம் மாசியம் — அனுமதிக்கப்பட்டது. அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடியில் சண்முகம் தானே ஒரு வரி டைப் செய்திருந்தார்.

‘நாளைக்கு வந்துடுங்க சார்.’