ஒன்றுக்குப் பன்னிரண்டு

எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் அவனை எல்லோரும் அம்பு என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் எந்த வரைபடத்தில் வந்தாலும், கணினியில் அதன்மேல் ஓர் அம்புக்குறி போட்டு, சரிவு எவ்வளவு என்று பக்கத்தில் குறிப்பது அவன் வேலை. பதினான்கு வருடமாக அதையேதான் செய்தான். ஆள் ஆறடி, வேலை அரை அங்குலம்.

விதி என்னவோ சுலபமானது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதாவது 1:12. மென்பொருளும் சமர்த்துதான். குறியீட்டைச் சாய்தளத்தின் மேல் வைத்தால், தானே கணக்குப் போட்டு உண்மையைச் சொல்லிவிடும். தொல்லையே அங்கேதான். 1:8 என்று உண்மை வந்துவிட்டால் அனுமதி கிடைக்காது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அந்த எண்ணை இரண்டு தட்டு தட்டித் திறந்து, மென்பொருள் எழுதியதை அழித்துவிட்டு, கையால் 1:12 என்று அடித்துவிடுவோம். அதற்கப்புறம் சாய்தளத்தைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்தாலும் அந்த எண் அசையாது. அனுமதி தரும் அதிகாரிகள் எண்ணை மட்டும் படிப்பார்கள், கட்டுகிறவர்கள் கோட்டை மட்டும் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு யாருக்கும் பொழுது இல்லை.

நூலகக் கட்டடமும் இப்படித்தான் முடிந்தது. வாசல் மூன்றடி உயரம், முப்பத்தாறு அடி சாய்தளம் வேண்டும். தலைமை நூலகரின் காருக்குக் கொட்டகை போட்டது போக மிஞ்சியது இருபத்தொரு அடி. முதலாளி அம்புவின் தோளில் கை வைத்து, "பார்த்து முடிச்சுடுப்பா" என்றார். அம்பு பார்க்காமல் முடித்தான்.

இரண்டு வருடம் கழித்து அதே நூலகத்தில் அவனுடைய அக்காவுக்கு வேலை கிடைத்தது. விபத்தில் கால்கள் போனபின் ஆறு வருடம் விண்ணப்பம் எழுதி எழுதிக் கிடைத்த வேலை, விசாரணை மேசையில். உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது: துணையில்லாமல் வந்து போக வேண்டும். "அதுக்கென்ன, என் தம்பி போட்ட வழிதானே!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்புவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு காலை ஒத்திகை பார்க்கக் கிளம்பினாள். நாற்காலியை வண்டியிலிருந்து இறக்க அம்பு என்னையும் அழைத்துப் போனான்.

பாதி தூரம் ஜோராக ஏறினாள். அப்புறம் கை ஓய்ந்து, சக்கரம் பின்னால் வழுக்கியது. அம்பு ஓடிப்போய்ப் பிடித்தான். "விடுடா, நானே ஏறுவேன்." இரண்டாம் தடவையும் பாதிதான். மூன்றாம் தடவை பாதிகூட இல்லை.

கீழே வந்து மூச்சு வாங்கினாள். "ஒன்னுக்குப் பன்னெண்டுதானேடா?"

அவன் தலை பாதி ஆடியது.

"சின்னப் புள்ளைகூட ஏறுமாமே. அப்போ என் கையும் போச்சு. வேலை வேணாம்னு எழுதிக் கொடுத்துடறேன். வா, வீட்டுக்குப் போலாம்."

அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்புவின் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவன் நாற்காலியின் முன்னால் வந்து நின்றான். "உன் கை இல்லக்கா. இது ஒன்னுக்கு ஏழு. பன்னெண்டுன்னு நான்தான் அடிச்சேன்."

"ஏன்டா?"

"காருக்கு இடம் வேணும்னாங்க."

கன்னத்தில் அறை விழும் என்று நான் நகர்ந்து நின்றேன். அவளோ சிவந்துபோன தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ ஏழுல பாதி ஏறியிருக்கேனா?"

"ஆமாக்கா."

"என் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். இதை எங்களிடம் சொல்லவில்லை, கைகளிடம்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தலைமை நூலகரின் கார் வந்தபோது, கொட்டகையின் நடுவே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இது நான் கார் விடற இடம்மா."

"இல்லைங்க, சாய்தளத்தோட மீதிப் பதினஞ்சு அடி. துணையில்லாம வரணும்னீங்க, வந்துட்டேன். உங்க கட்டடம்தான் இன்னும் வந்து சேரல."

ஓரமாக நின்ற அம்பு வரைபடத்தை நீட்டினான். 1:7 என்று திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தான். கூட்டம் கூடிவிட்டதால் தலைமை நூலகருக்கு நியாயம் சட்டென்று புரிந்தது. அவள் கையெழுத்துப் போட வருகைப் பதிவேடு கீழே வந்தது. சாய்தளம் நீளும்வரை விசாரணை மேசை கார் கொட்டகையில் இயங்கும் என்று உத்தரவானது. கார் தெருவில் வெயிலில் காய்ந்தது.

சாயங்காலம் நாற்காலியை வண்டியில் ஏற்றும்போது அக்கா கேட்டாள்: "இந்த மாதிரி இன்னும் எத்தனை போட்டிருக்கே?"

"எண்ணலக்கா."

"அங்கெல்லாம் எத்தனை பேரு தன் கையைத் திட்டிக்கிட்டுத் திரும்பிப் போனாங்களோ" என்றாள்.

மறுநாள் நான் அலுவலகம் போனபோது, அம்பு பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கையால் அடித்த எண்களை அழித்துக்கொண்டிருந்தான். அழிக்க அழிக்க 1:8, 1:6 என்று உண்மை வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் அச்செடுத்து, அந்தந்தக் கட்டடத்தின் முகவரி எழுதிய உறையில் போட்டான்.

முதலாளி பின்னால் வந்து, "என்னய்யா பண்றே?" என்று கத்தினார்.

அம்பு திரும்பிப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடமெல்லாம் முடிஞ்சுது சார். இப்போ ஆஸ்பத்திரி" என்றான்.