ஜெபக் குறிப்பும் ஆட்டு முன்னங்காலும்

1. வெள்ளைத் தாள்

இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் பயாலஜி லேபில் அசிஸ்டெண்டாக இருந்தேன். மர்பி டவுனில் என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஃபார்மலின் கண்ணில் தெறித்திருக்கிறது. ஒரு முறை அலமாரியே சரிந்து ஸ்பெசிமன் ஜாடிகள் உடைந்திருக்கின்றன. அப்போதெல்லாம் பயந்ததில்லை. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, பிரின்சிபல் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தபோது பயந்தேன்.

மேடம் மைசூர்க்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார், பதற்றத்தில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"ஞானராஜ், சுதா மிஸ் மேல கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. புக்குல இருந்து நீக்கின பாடத்தை டென்த்துக்கு நடத்துறாங்களாம். தேவரு, அதான் கடவுள், இல்லேன்னு பசங்ககிட்ட சொன்னாங்களாம். அன்னிக்கு லேப்ல இருந்த பெரியவங்க நீங்க ஒருத்தர்தான். கேட்டதை அப்படியே எழுதுங்க. நாளைக்கு அந்தப் பேரன்ட் வராரு. கலாட்டா பேடா, வேண்டாம் சாமி."

சுதா மிஸ் அப்போது ப்ரொபேஷனில் இருந்தார். வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று கமிட்டி அந்த மாதம்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பு வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டதால் எட்டு மாதம் தொம்மலூரில் வீட்டோடு இருந்துவிட்டு இங்கே வந்தவர் அவர்.

புகார்க் கடிதத்தை மேடம் என் பக்கம் திருப்பினார். கீழே சாமுவேல் என்று கையெழுத்து. எங்கள் சபையின் சாமுவேல் அண்ணன். அவர் மகள் பத்தாவதில் படித்தாள். கடிதத்தின் முதல் வரியை இரண்டு தரம் படித்தேன். அது அவர் எழுதிய வரி அல்ல, நான் சொன்ன வரி.

2. அந்த பீரியடில் நடந்தது

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள் என்று டிவியில் கட்சிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்த சமயம் அது. பன்னிரண்டாவதில் மட்டும் இருக்கும் என்றார்கள். சயின்ஸ் எடுக்காத பிள்ளை அதைப் பார்க்காமலே பள்ளியை முடித்துவிடும். எனக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. ஒழிந்தது சனியன் என்றுதான் நினைத்தேன். எங்கள் சபையில் ஆதாமைத் தவிர வேறு முன்னோரைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பிள்ளைகள் விடுவார்களா? வேண்டாம் என்று எடுத்த பாடம் என்றால்தான் அவர்களுக்கு ஆசை வரும். "மிஸ், அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டார்கள். சுதா மிஸ் என்னிடம் வந்து, "அண்ணா, எலும்பு ஏதாவது கிடைக்குமா?" என்றார்.

எலும்பு தயார் செய்வது என் கைவேலை. அல்சூர் மார்க்கெட்டில் ஆட்டு முன்னங்கால் ஒன்று, கோழி இறக்கை ஒன்று வாங்கினேன். வேகவைத்து, சதையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பெராக்சைடில் வெளுத்து, ப்ளைவுட் பலகையில் கம்பியால் கட்டினேன். பக்கத்தில் லேப் எலும்புக்கூட்டின் கையைக் கழற்றி வைத்தேன். வேலை நன்றாக வந்திருந்தது, எனக்கே பெருமை. எதற்காகச் செய்கிறோம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்று சுதா மிஸ் சொன்னதை நான் பின்பக்கம் சிங்க்கில் டெஸ்ட் ட்யூப் கழுவிக்கொண்டே தெளிவாகக் கேட்டேன். "குரங்கு நமக்குத் தாத்தா இல்ல. குரங்குக்கும் நமக்கும் ரொம்ப ரொம்ப முன்னாடி பொதுவா ஒரு மூதாதை இருந்துச்சு. இன்னும் பின்னால போனா ஆட்டுக்கும் கோழிக்கும் நமக்கும்கூட அப்படித்தான். அதுக்கு ஒரு சாட்சி இந்த எலும்பு, மூணுலயும் ஒரே அடுக்கு." ஒரு பையன் கேட்டான்: "அப்போ கடவுள் இல்லையா மிஸ்?" அதற்கு அவர், "அந்தக் கேள்விக்கு இந்த எலும்புகிட்ட பதில் இல்லப்பா. அதை நீ வேற இடத்துலதான் தேடணும்" என்றார்.

இவ்வளவுதான் நடந்தது.

3. புதன்கிழமை

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். மகளுக்கு வரன், மருமகனுக்கு வேலை, மூட்டுவலி, இப்படி. ஆளுக்கு ஒரு வரி. நீட்டினால் பாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த பீரியட் நடந்த வாரம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வலியும் இல்லை, வரனும் இல்லை. வெறும் கையோடு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர், நாமெல்லாம் குரங்குல இருந்து வந்தோம், தேவன் இல்லன்னு பிள்ளைங்களுக்கு சொல்லித் தராங்க. அவங்க மனந்திரும்பணும்னு ஜெபிச்சுக்குங்க."

எல்லாரும் "ஆண்டவரே" என்று உருகினார்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிறைவு. சுதா மிஸ் சொல்லாத இரண்டை அவர் வாயில் திணித்திருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை. ஒரு வரிக்குள் அடங்க வேண்டும், கேட்பவர்கள் மனதில் தைக்க வேண்டும் என்பதிலேயே இருந்தேன். என் எதிரில் சாமுவேல் அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும்.

4. சாமுவேல் அண்ணனின் கட்டைவிரல்

மேடம் தாளைக் கொடுத்த மறுநாள் எல்லாரும் லேபிலேயே கூடினோம். பலகையைப் பார்க்க வேண்டும் என்று சாமுவேல் அண்ணன் கேட்டிருந்தார். சுதா மிஸ் ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வறண்டிருந்தது. என் சட்டைப்பையில் அந்தத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

சாமுவேல் அண்ணனுக்கு எலும்புக் கட்டு போடுவது தொழில். முட்டை வெள்ளையும் துணியும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டுவார். மனுஷர்கள் மட்டுமில்லை, கால் ஒடிந்த ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி எல்லாம் அவரிடம் வரும். கோபமாகத்தான் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்ததும் கோபத்தை மறந்துவிட்டார்.

"யாரு கட்டுனது? நீயா ஞானராஜு? கச்சிதமா கீது" என்று குனிந்தார். கண்ணாடியைக்கூடப் போடாமல் விரலால் தடவிக்கொண்டே போனார். "மேல ஒண்ணு. கீழ ரெண்டு. அப்புறம் பொடிசு. கோழிக்கும் அதேதான். ஆமா, நாய்க்கும் இப்படித்தான். கட்டு போடுறப்ப கைக்குத் தெரியும்." ஆட்டுக் காலில் குளம்புக்கு மேலே உள்ள நீள எலும்பில் கட்டைவிரல் நின்றது. நடுவில் நீளமாக ஓடும் பள்ளத்தில் இரண்டு தரம் தேய்த்தார். "இங்க ரெண்டு எலும்பு ஒட்டி ஒண்ணாயிருக்கு. குறைமாசத்துல செத்து விழுந்த குட்டியில பார்த்துருக்கேன், தனித்தனியா பிரியும். இது ஏன் அப்படின்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சதுண்டு."

சுதா மிஸ்ஸுக்குத் தன் வேலை போகும் பயமே மறந்துபோயிருக்க வேண்டும். ஸ்டூலை விட்டு எழுந்து வந்துவிட்டார். "குட்டியில தனியா இருந்ததை நீங்களே பார்த்தீங்களா சார்? நான் புக்குல படிச்சதோட சரி."

"பார்த்தேனே. இந்தக் கையால பிரிச்சுருக்கேன்."

"ஒட்டப் போற எலும்பு ஏன் ரெண்டா வளருதுன்னு நினைக்கிறீங்க?"

அவர் அந்தப் பள்ளத்தை இன்னொரு தரம் தேய்த்தார். "செஞ்ச கை ஒண்ணும்மா. அதான் எல்லாம் ஒரே மாதிரி கீது" என்றார். பிறகு, "ஆனா ஒரேடியா ஒண்ணாவே செஞ்சிருக்கலாமேன்னு கேட்டா, எனக்குத் தெரியல" என்றார்.

"எனக்கும் அந்தக் கேள்விதான் சார் பிடிச்சிருக்கு" என்றார் சுதா மிஸ்.

மேடம் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் இருக்கட்டும். தேவரு இல்லேன்னு சொன்னாங்களா இல்லையா? ஞானராஜ், எழுதினீங்களா?"

எழுதவில்லை என்றேன். வாயால் சொல்கிறேன் என்று, சுதா மிஸ் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். புதன்கிழமை நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "ஆண்டவர் பேரைச் சொல்லி சொன்னியேடா, அதனாலதானே கேள்வி கேக்காம நம்புனேன்" என்றார். கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். கிழிக்கவில்லை. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பாடம் எனக்கு ஒப்பு இல்ல மேடம். ஆனா இந்தம்மா பொய் சொல்லல."

எல்லாரும் போன பிறகு சுதா மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபத்தை மறைக்கவில்லை. "எனக்காக ஜெபம் பண்ணுங்க அண்ணா, வேண்டாம்னு சொல்லல. ஆனா பத்தடி தூரத்துலதானே நின்னீங்க? முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

5. அடுத்த புதன்கிழமை

நான் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். போன வாரம் நான் சொன்னது தப்பு என்று தொடங்கி, அந்த பீரியடை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். எலும்புகள், பையனின் கேள்வி, மிஸ்ஸின் பதில், எதையும் விடவில்லை. பாஸ்டர் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் உருகவில்லை. கண்ணைத் துடைத்த அக்கா, என்னைப் பார்க்காமல் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ நீங்க எதை நம்புறீங்க பிரதர்?" என்றார் பாஸ்டர்.

"படைச்சவரை நம்புறேன் பாஸ்டர். எப்படிப் படைச்சார்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு."

அதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வேதம் வாசிக்க என்னைக் கூப்பிடுவதும் நின்றது. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு இன்றும் போகிறேன்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வகுப்பில் நடந்ததை வெளியே சொல்வதென்றால் முழுதாகச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்ல நேரமில்லையென்றால் உங்கள் மூட்டுவலிக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.