மொட்டுக் கிள்ளியவள்

என் அக்கா லாண்டரியில் கிழிசல் தைப்பவள். யார் கோட்டில் ஓட்டை விழுந்தாலும், விழுந்த இடம் தெரியாமல் அடைத்துவிடுவாள். மகள் விஷயத்தில் மட்டும் அந்தக் கை ஓடவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஒரே மகள் கடல் தாண்டி வேலைக்குக் கிளம்பினாள். தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று அக்காவுக்குக் கோபம். "போ, திரும்பி வராதே" என்று சொல்லிவிட்டாள். அழுத்தக்காரி, முகத்தையும் திருப்பிக்கொண்டாள். மகள்தான் வாசலில் நின்று, "தோட்டத்துச் சுவரோரம் சாயச்செடி விதைச்சிருக்கேன். மஞ்சளாப் பூத்ததும் சொல்லும்மா. வந்துடறேன், சேர்ந்து சாயம் காய்ச்சலாம்" என்றாள். அதற்காக வாங்கிய வெள்ளைக் கம்பளி நூல் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

செடியா அது? சோப்புத் தண்ணீரைக் குடித்தும் வளர்ந்தது, வெயிலில் காய்ந்தும் வளர்ந்தது. இரண்டாம் வருஷமே மொட்டு விட்டது. அக்கா சுவரோரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டாள். அடுத்த வருஷமும் அப்படியே. ஏன் என்று கேட்டேன்.

"பூத்தும் அவ வரலைன்னா? அவ சொன்னது பொய்யாயிடும்டி. பூக்காத வரைக்கும் அவ வருவா."

கிறுக்கு பிடித்துவிட்டதா என்று திட்டினேன். மகள் போன் பண்ணிக் கேட்கும்போதெல்லாம் "இன்னும் பூக்கல" என்று அக்கா வைத்துவிடுவாள். பிறகு போய் மகளுடைய பழைய செருப்பைத் துடைத்து வைப்பாள்.

இந்த வருஷம் அக்கா படியில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. கிள்ளும் வேலையை என்னிடம் விட்டாள். சரியென்று தலையாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பத்தே நாளில் சுவரோரம் முழுக்க மஞ்சள். அடுத்த போனை நானே எடுத்தேன்.

"பூத்துடுச்சு. இத்தனை வருஷமும் உங்கம்மாதான் மொட்டைக் கிள்ளிட்டிருந்தா."

"அம்மாவுக்குக் கோபம் தீரல, வர வேணாங்கறாங்கன்னு நெனச்சேன் சித்தி. வருஷா வருஷம் லீவுக்கு எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன்" என்றாள். இப்போது எழுதினால் மூன்று வாரத்தில் வரலாமாம்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு செடியிடம் போய் நின்று அழுதாள்.

"பூ எத்தனை நாள்டி நிக்கும்?"

"ரெண்டு வாரம் நின்னா அதிகம்க்கா."

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து செடிக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறாள். வெயில் முழுக்க அவள் தலையில்.

வீட்டுக்குப் போய் என் குடையையும் எடுத்து வந்தேன்.