பன்னிரண்டு பேர் ஏறலாம்

"உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் உண்டு" என்றபடி தீனியை விரல் நுனியில் பொடித்துத் தூவுவார். தொட்டிக்குள் இருப்பவை நியான் டெட்ரா மீன்கள். விரல் கணு அளவு உடம்பில் ஒரு நீலக்கோடு, வாலருகே சிவப்பு. ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கழற்றி எறிந்த பழைய லிஃப்ட் ஒன்றின் தகட்டைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் ஒட்டியிருக்கிறார்: அதிகபட்சம் 12 பேர். அதற்கு மேல் ஒரு மீன் வாங்கியதில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்களேன், பாட்டில்ல வளக்கறேன்" என்று கேட்ட எதிர்வீட்டுக்காரரிடம், "ஒத்தைல விட்டா வெளுத்துப் போயிடும் சார். உங்களுக்கே வீட்டுல ஆள் இல்லன்னா டீ எறங்காது" என்றார். மீன்கள் ஒட்டி ஒட்டி நின்றால் பயந்திருக்கின்றன. கலைந்து மேய்ந்தால் நிம்மதியாக இருக்கின்றன. இது அவருடைய கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவருக்கு வாசனை தெரியாது. வேலையில் இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. தொட்டிக்குள் கையை விட வேண்டுமென்றால் இது பெரிய சிக்கல். கையில் துளி சோப்பு இருந்தாலும் மீனுக்கு ஆகாது. அதனால் வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவிவிட்டு, கையை மனைவியின் மூக்கருகே நீட்டுவார். மனைவி, செய்துகொண்டிருந்த வேலையை விடாமலே முகர்வார்.

"சோப்பு. போய் மறுபடி கழுவுங்க."

"நல்லா பாரு."

"இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன். உங்க கைய மோந்து பாக்கத்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரா?"

இரண்டாவது முறை முகர்ந்துவிட்டு, "ம், ஏறலாம்" என்பார். அதன் பிறகுதான் கை தண்ணீருக்குள் போகும்.

நான்கு மாதங்களுக்கு முன் மனைவி இறந்துபோனார். வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டியருகே நின்றவர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டார்கள். பாவம், இதுங்களை யார் கவனிப்பார் என்ற நல்லெண்ணம்தான். தின்றதுபோக மிச்சம் அடியில் அழுகியது. அவருக்கு வாசனை தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. குடிநீரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருப்பவள் அவள். வந்த பூக்கள் வாடிவிட்டன என்று நினைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மீன்கள் மிதந்தன.

அவர் திட்டவில்லை. தகட்டைத் துணியால் துடைத்தார். மகள்தான் தண்ணீரை மாற்றினாள், சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு, அழுகலில் வரும் அம்மோனியாவை அளந்தாள், தினமும் அளந்து எழுதிவைத்தாள். "இப்ப சரியா இருக்குப்பா" என்றாள். "சரியா இருக்கும்" என்றார். ஆனால் கையை உள்ளே விடவில்லை. கண்ணாடியின் உட்புறம் பாசி ஏறியது. தீனி போடுவதோடு சரி.

"கையுறை வாங்கித் தரட்டுமாப்பா?"

"கையுறை போட்டுக்கிட்டு யாராவது சொந்தக்காரங்களத் தொடுவாங்களா?"

மிஞ்சிய மூன்றும் நிறம் மங்கி, தொட்டிக்குள் தண்ணீர் வடிகட்டும் குழாய்க்குப் பின்னால் கிடந்தன. ஒரு நாள் அதில் ஒன்று பிரிந்து வந்து, பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழும் போய்வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்னப்பா பண்ணுது?"

"தன் நெழலோட ஜோடி சேந்துட்டிருக்கு."

மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு மகளின் முன்னால் வந்து நின்றார். "வண்டிய எடும்மா."

வாங்கிவந்த ஒன்பதையும் மூன்று வாரம் தனியாக ஒரு சிறிய தொட்டியில் வைத்திருந்தார். நோய் எதுவும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். நேற்று அவற்றை ஒரு பெரிய கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர். மகள் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு தண்ணியும் ஒண்ணுதான்ப்பா. அளந்துட்டேன்."

"லிஃப்ட்டு தரைமட்டத்துக்கு வராம கதவத் தெறந்தா என்ன ஆகும்?"

"தடுக்கி விழுவாங்க."

"அப்ப பேசாம இரு."

எட்டு கரண்டி ஆயிற்று. இனி கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கை உள்ளே போயாக வேண்டும். கிண்ணத்தில் ஒன்பதும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் எழுந்து உள்ளே போனார். குழாய் திறந்து மூடும் சத்தம் மூன்று முறை கேட்டது.

திரும்பி வந்தபோது முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டியருகே வந்து நின்றார். பிறகு, கண்ணை மீன்கள்மேலேயே வைத்துக்கொண்டு, ஈரக்கையை மட்டும் மகளின் மூக்கருகே நீட்டினார்.