உள்ளே ஊற்றிப் பார்க்கும் அம்மாள்

அக்லாயா நிகிதிச்னாவுக்கு விமானம் என்றாலே ஆகாது. ஆனாலும் லாங் ஐலண்டில் எங்கள் ருஷ்யக் கூட்டம் நடத்திய பட்டறையில் பதினோரு வருஷம் விமானத்தோடுதான் மல்லுக்கட்டினாள். ஒதெஸ்ஸாவில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள். புரட்சிக்குப் பிறகு கப்பலேறி வந்தவளுக்கு இங்கே கிடைத்தது, தரையிலும் தண்ணீரிலும் இறங்கும் விமானத்துக்கு அடிப்பாகம் செய்யும் வேலை. இரண்டு தகடு சேரும் இடத்தில் பசையில் ஊறிய துணியை அவள் வைப்பாள். அதன்மேல் நான் ரிவெட் ஆணி அடிப்பேன்.

பட்டறையின் தலைவர் கர்னல் ஸ்தரிக்கோவ். அவருக்கு ராத்தூக்கம் கிடையாது போல. விடிந்தால் விமானத்தின் வரைபடம் மாறியிருக்கும்.

"கர்னல், இன்னைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று தினம் கேட்பாள் அக்லாயா.

"கொஞ்சம் முன்னாடி தள்ளணும். நாலு விரக்கடைதான்."

"நாலு விரக்கடைன்னா நான் முப்பது ஓட்டையை அடைக்கணும். உங்களுக்குப் பென்சில் தேய்ஞ்சா போதும்!"

முதல் விமானம் முடிந்தபோது அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. குழாயை இழுத்துவந்து உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெளியே ஒழுகிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டாள். நாற்பத்து மூன்று.

கர்னலுக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்ணி வெளியிலிருந்துதானே உள்ள வரும்? நீங்க உள்ள ஊத்திட்டு வெளிய ஒழுகுதுன்னு கத்துறீங்க!"

"நாம எந்தப் பக்கத்துல நிக்கிறோம்னு ஓட்டைக்குத் தெரியுமா?"

மறுநாளே விமானத்தை வாங்க ஒரு தபால் கம்பெனிக்காரர் வருவதாக இருந்தது. தள்ளிப்போட கர்னல் மறுத்துவிட்டார். "அவ்வளவு பயமா இருந்தா வாளியோட ஏறிக்குங்க" என்றார். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். இவள் இரண்டு வாளியோடு ஏறினாள். ஒன்றை என் கையில் திணித்தாள்.

பறந்ததில் குறையே இல்லை. விரிகுடாவில் பூப்போல இறங்கினோம். கம்பெனிக்காரர் கைதட்டினார். தட்டி முடிப்பதற்குள் தரைப்பலகை இடுக்கில் தண்ணீர் கொப்பளித்து அவர் பூட்ஸுக்குள் புகுந்தது. நாங்கள் இருவரும் மொண்டு ஊற்ற, கடைசியில் கர்னலும் தொப்பியால் மொள்ள ஆரம்பித்தார். ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கரைக்கு இழுத்துவந்தது. கம்பெனிக்காரர் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரம் போயிற்று. பிறகு சுவரில் ஓர் உத்தரவு தொங்கியது: இனி ஒவ்வொரு விமானத்தையும் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். கீழே அவருடைய கையெழுத்து. அடுத்த வசந்தத்தில் இரண்டு விமானம் விற்றபோது, "இது என்னோட சோதனை முறை" என்று விருந்தில் பெருமை வேறு பேசினார்.

அக்லாயா வோட்கா கோப்பையைத் தட்டென்று வைத்தாள். "என்னை வாளியோட ஏறச் சொன்னது எந்தக் கர்னல்? அவர் இன்னைக்கு வரலையா?"

மேசை முழுக்கச் சிரிப்பு. கர்னல் குனிந்து ஊறுகாய் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உத்தரவில், 'இம்முறையைக் கண்டவர் அக்லாயா நிகொலாயெவ்னா' என்று ஒரு வரி கூடியிருந்தது.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். "எங்கப்பா பேரு நிகிதா, அதான் நான் நிகிதிச்னா! யாரு இந்த நிகொலாய்? ஒரு பேரை ஒழுங்கா எழுதத் தெரியாத மனுஷன் விமானம் செய்யறாராம்!" என்று பொரிந்துகொண்டே குழாயைத் திறக்கப் போனாள்.